அரங்கம் யார் செலவில்? – ஒரு கணக்குப் பாடம்

நம் மலரின் இளைஞர் பகுதிக்கு, "பாடம் மாதிரி ஏதாவது எழுதுங்கள், ஆனால் பாடப்புத்தகம் மாதிரி வேண்டாம்" என்று ஆசிரியர் குழுவினர் கேட்டுக்கொண்டார்கள். நான் டிப்ளமோ முடித்து ரயில்வேயில் சேர்ந்து, பூசாவல், இடார்சி, நாக்பூர் என்று முப்பத்தெட்டு ஆண்டுகள் பிளாட்பாரமும் குவார்ட்டர்ஸும் நடைமேம்பாலமும் கட்டிக்கொண்டிருந்தவன். பொருளாதாரம் முறையாகப் படித்தவன் அல்ல. ஆனால் ஒரு எஸ்டிமேட்டை எப்படிப் போடுவது, எங்கே கூட்டுவது, எங்கே ஒளிப்பது என்பது எனக்குத் தெரியும். அந்தத் தகுதியில்தான் இதை எழுதுகிறேன்.

2023 நவம்பரில் நானும் என் மனைவியும் அமெரிக்காவில் இருக்கும் எங்கள் மகள் வீட்டுக்குப் போயிருந்தோம். வர்ஜீனியா மாநிலத்தில், தலைநகர் வாஷிங்டனுக்கு எதிர்க்கரையில், பொட்டோமாக் ஆற்றை ஒட்டி இருக்கும் அலெக்சாண்ட்ரியா என்ற பழைய ஊர். போன ஒரு மாதத்தில், டிசம்பர் 13ஆம் தேதி, வீட்டில் பெரிய விவாதம் கிளம்பிவிட்டது. அன்று காலை வர்ஜீனியா கவர்னர் கிளென் யங்கினும், டெட் லியோன்சிஸ் என்ற தொழிலதிபரும் ஒரே மேடையில் தோன்றி ஓர் அறிவிப்புச் செய்தார்கள். வாஷிங்டன் நகரின் மையத்தில் விளையாடிவரும் கூடைப்பந்து அணியும் பனி ஹாக்கி அணியும் (இரண்டுக்கும் அவர்தான் முதலாளி) ஆற்றைத் தாண்டி அலெக்சாண்ட்ரியாவுக்கு வரப்போகின்றன. அதற்காக பொட்டோமாக் யார்டு என்ற இடத்தில் 200 கோடி டாலர் செலவில் புதிய அரங்கமும் அதைச் சுற்றிக் கேளிக்கை வளாகமும். அன்றைய மதிப்பில் ஏறத்தாழ 16,600 கோடி ரூபாய்.

மாப்பிள்ளைக்கு ஒரே சந்தோஷம். அவர் ஹாக்கிப் பைத்தியம். தவிர வீட்டு விலை ஏறும் என்று கணக்கு. மகளுக்குக் கோபம், பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளையைக் கொண்டுவிடும் சாலையில் தினமும் இருபதாயிரம் பேர் வந்தால் என்ன ஆகும் என்று அவள் கேட்டாள். "அப்பா, நீங்கள் இன்ஜினீயர்தானே, நீங்களே பார்த்துச் சொல்லுங்கள்" என்று ஒரு கட்டுக் காகிதத்தை என்னிடம் கொடுத்துவிட்டார்கள். வெளியே குளிர். செய்வதற்கு வேறு வேலையும் இல்லை. படிக்க ஆரம்பித்தேன்.

முதலில் இடத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதில் எனக்குச் சொந்தம் உண்டு. யார்டு என்ற பெயரைக் கேட்டதுமே காதைத் தீட்டிக்கொண்டேன். நினைத்தது சரிதான். பொட்டோமாக் யார்டு 1906இல் திறக்கப்பட்ட மிகப் பெரிய சரக்கு ரயில் யார்டு. வடக்கிலிருந்தும் தெற்கிலிருந்தும் வரும் வண்டிகளைப் பிரித்து மறுபடி கோத்து அனுப்பும் இடம். அமெரிக்காவின் கிழக்குக் கரையில் மிகவும் நெரிசலான யார்டுகளில் ஒன்று. இடார்சியில் ராத்திரி முழுவதும் வேகன்கள் மோதிக்கொள்ளும் சத்தத்தில் தூங்கிப் பழகிய எனக்கு அதன் சரித்திரம் இனித்தது. சரக்குகள் வேறு பாதைக்கு மாறியதால் 1980களின் கடைசியில் அது ஓய்ந்துபோயிற்று. தண்டவாளத்தைப் பெயர்த்தபின் ஊர் நடுவில் பெரிய வெற்று நிலம். வெற்று நிலம் இருந்தால் சும்மா விடுவார்களா? 1992இலேயே ஜாக் கென்ட் குக் என்ற அணி முதலாளி அங்கே அமெரிக்கக் கால்பந்து மைதானம் கட்ட வந்தார். அப்போதைய கவர்னர் டக்ளஸ் வைல்டர் ஆதரவு தந்தார். ஊர்க்காரர்கள் எதிர்த்தார்கள், சில மாதங்களில் அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. ஆக, 2023இல் வந்தது இரண்டாவது படையெடுப்பு.

இனி பணத்துக்கு வருவோம்.

அறிவிப்பில் சொன்னபடி முதலாளி தன் பங்காக முதலில் போடுவது 40.3 கோடி டாலர். அலெக்சாண்ட்ரியா நகரம் 10.6 கோடி. மிச்சத்தில் பெரும்பகுதி கடன். மாநிலச் சட்டமன்றம் ஒரு தனி ஆணையத்தை உண்டாக்கும். அந்த ஆணையம் கடன் பத்திரங்கள் வெளியிட்டுப் பணம் திரட்டும். அரங்கமும் ஆணையத்துக்கே சொந்தம். முதலாளி கொடுக்கும் வாடகை, டிக்கெட் மேல் போடும் வரி, கார் நிறுத்தக் கட்டணம், வளாகத்தில் புதிதாகக் கிடைக்கப்போகும் வரிகள் ஆகியவற்றிலிருந்து அந்தக் கடன் பல பத்தாண்டுகளில் அடைக்கப்படும். இப்போதிருக்கும் வரியில் ஒரு காசு கூடாது என்று சொன்னார்கள்.

கேட்க நன்றாகத்தான் இருந்தது. நான் பென்சிலை எடுத்து வைத்துக்கொண்டு ஒரே ஒரு கேள்வி எழுதினேன்: "புதிதாகக் கிடைக்கப்போகும் வரி" கிடைக்காமல் போனால் யார் கட்டுவது?

பதில் காகிதத்திலேயே இருந்தது. கடன் பத்திரங்களில் ஒரு பகுதிக்கு மாநிலமும் நகரமும் "தார்மீகப் பொறுப்பு" ஏற்கும் என்று போட்டிருந்தது. இது என்ன புது வார்த்தை என்று விசாரித்தேன். சட்டப்படி கட்டியே தீரவேண்டும் என்ற கட்டாயம் இல்லையாம். ஆனால் ஆணையத்துக்குத் துண்டு விழுந்தால், அரசு தன் பட்ஜெட்டிலிருந்து ஈடு செய்யும் என்ற எதிர்பார்ப்பு. செய்யாவிட்டால் சந்தையில் அரசின் நாணயம் கெட்டு, பிறகு பள்ளிக்கூடம் கட்டக் கடன் வாங்கினாலும் வட்டி ஏறும். ஆகவே கட்டித்தான் ஆகவேண்டும். நம் ஊரில் மைத்துனனுக்கு வங்கியில் ஜாமீன் கையெழுத்துப் போடுகிறோமே, அதேதான். "சும்மா ஒரு கையெழுத்துதான்" என்பார்கள். அந்தச் சும்மாக் கையெழுத்தினால் பி.எஃப். பணத்தை இழந்த நண்பர்கள் எனக்கு உண்டு.

அடுத்து, வரவுப் பக்கம். திட்டத்தால் 30,000 வேலைகள் வரும், 1,200 கோடி டாலர் பொருளாதாரப் பயன் விளையும் என்று சொன்னார்கள். அது அரங்கத்துக்கு மட்டுமான எண்ணிக்கை அல்ல. சுற்றிலும் 90 லட்சம் சதுர அடிக்கு அலுவலகம், ஓட்டல், குடியிருப்பு எல்லாம் வரும் என்று வைத்துச் சொல்வது. அரங்கம் வராவிட்டால் அந்த நிலம் சும்மா கிடக்குமா? கிடக்காது. அங்கே ஏற்கெனவே வீடுகளும் கடைகளும் வந்துவிட்டன, ஒரு பல்கலைக்கழக வளாகம் எழும்பிக்கொண்டிருந்தது, 2023 மே மாதம் மெட்ரோ நிலையமும் திறந்தாகிவிட்டது. எப்படியும் வரப்போகும் வேலைகளை அரங்கத்தின் கணக்கில் சேர்க்கக்கூடாது.

இங்கே இளைஞர்கள் கவனிக்கவேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. ஒரு குடும்பம் மாதம் ஐயாயிரம் ரூபாய் வெளியே போய் வரச் செலவிடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஊருக்கு சர்க்கஸ் வந்தால் அந்த மாதம் சர்க்கஸ் பார்க்கிறார்கள். சினிமாவும் ஓட்டலும் அந்த மாதம் இல்லை. சர்க்கஸ் கூடாரத்தில் கூட்டத்தைப் பார்த்து "ஊருக்கு எவ்வளவு வருமானம்!" என்று சொல்பவர், காலியாகக் கிடக்கும் சினிமாக் கொட்டகையைப் போய்ப் பார்ப்பதில்லை. அமெரிக்கப் பொருளாதார நிபுணர்கள் இதைப் பல பத்தாண்டுகளாக அளந்து பார்த்திருக்கிறார்கள். 1997இல் ரோஜர் நோல், ஆண்ட்ரூ சிம்பலிஸ்ட் என்ற இரண்டு பேராசிரியர்கள் தொகுத்த ஒரு பெரிய நூல் வந்தது. அதன் பிறகும் ஜே.சி. பிராட்பரி போன்றவர்கள் தொடர்ந்து ஆராய்ந்துவருகிறார்கள். பொருளாதாரத்தில் இரண்டு நிபுணர்கள் ஒத்துப்போவதே அபூர்வம் என்பார்கள். விளையாட்டு அரங்கத்துக்கு அரசு கொட்டும் பணம் அந்த அளவுக்கு ஊருக்குத் திரும்பி வருவதில்லை என்பதில் மட்டும் அவர்கள் ஏறக்குறைய ஒரே குரலில் பேசுகிறார்கள்.

அலெக்சாண்ட்ரியா விஷயத்தில் இது இன்னும் வேடிக்கை. பழைய அரங்கத்துக்கும் புதிய இடத்துக்கும் இடையே பத்து கிலோமீட்டருக்குள்தான் தூரம். மெட்ரோவின் மஞ்சள் வழித்தடத்தில் ஏறினால் ஏழாவது நிலையம். பார்க்கப் போகிறவர்களும் அதே ஜனங்கள். ஆற்றுக்கு அந்தக் கரையில் செலவான டாலர் இந்தக் கரையில் செலவாகும், அவ்வளவுதான். வர்ஜீனியாவுக்கு வரி வரவு கூடும், மறுக்கவில்லை. ஆனால் அது வாஷிங்டனின் நஷ்டம். இரண்டு ஊரையும் சேர்த்துப் பார்த்தால், 200 கோடி டாலர் செலவழித்துக் கூட்டத்தை ஏழு ஸ்டேஷன் தள்ளி நகர்த்துகிறோம்.

ஸ்டேஷன் என்றதும் என் சொந்த வேலைக்கு வந்துவிட்டேன்.

பொட்டோமாக் யார்டு மெட்ரோ நிலையத்தை நான் நாலைந்து முறை போய்ப் பார்த்தேன். ஓடிக்கொண்டிருக்கும் பாதையின் நடுவே புதிதாகச் செருகிய நிலையம். 37 கோடி டாலர் செலவு. பழைய பாதையோடு இணைப்பதற்காக 2022 செப்டம்பரிலிருந்து நவம்பர் ஆரம்பம் வரை அந்தப் பக்கத்து ரயில்களை நிறுத்தியிருந்தார்கள். நாம் ஞாயிற்றுக்கிழமை நாலு மணி நேர பிளாக் வாங்கப் படும் பாட்டை நினைத்துப் பெருமூச்சு விட்டேன். அழகான நிலையம். ஆனால் குடியிருப்புக்காரர்களும் அலுவலகத்துக்குப் போகிறவர்களும் நாள் முழுவதும் கொஞ்சம் கொஞ்சமாக வந்து போக அமைத்தது அது.

ஒரு மனக்கணக்குப் போடுவோம். ஆட்டம் முடிந்ததும் 20,000 பேர் ஒரே சமயத்தில் எழுந்திருக்கிறார்கள். பாதிப்பேர் ரயிலுக்கு வருவதாக வைத்துக்கொண்டால் 10,000. அதில் வாஷிங்டன் பக்கம் போகிறவர்கள் 7,000 என்று வைப்போம். ஒரு பெட்டிக்கு 100 பேர், 8 பெட்டி, ஆக ஒரு வண்டிக்கு 800. ஒன்பது வண்டி வேண்டும். ஆறு நிமிடத்துக்கு ஒரு வண்டி வந்தால், கடைசி ஆள் ஏற 54 நிமிடம். இதுவும் வருகிற வண்டி முழுக்கக் காலியாக வந்தால்தான், அப்படி வருவதில்லை. அதுவரை அந்த ஜனங்கள் எங்கே நிற்பது? பிளாட்பாரத்திலா, படிக்கட்டிலா, வெளியே பனியிலா? நிலையத்தை விரிவாக்க வேண்டும், வண்டிகளைக் கூட்ட வேண்டும். அதே குளிர்காலத்தில்தான் அந்த மெட்ரோ நிர்வாகம், வரும் நிதியாண்டில் 75 கோடி டாலர் துண்டு விழுகிறது, நிதி கிடைக்காவிட்டால் சில நிலையங்களை மூடவேண்டியிருக்கும் என்று சொல்லிக்கொண்டிருந்தது! யானையை வாங்கினவன் அங்குசம் வாங்க யோசித்தானாம் என்று நம் ஊரில் சொல்வார்களே, அது நினைவுக்கு வந்தது. பழைய அரங்கம் இருப்பதோ மூன்று வழித்தடங்கள் சந்திக்கும் கேலரி பிளேஸ் நிலையத்தின் தலைக்கு மேலேயே.

இந்த இடத்தில் ஒரு சுயசரிதம் சொல்லவேண்டியிருக்கிறது. சொல்லாமல் மற்றவர் எஸ்டிமேட்டைக் குறை சொல்வது முறையாகாது.

நான் வேலையில் சேர்ந்து பத்துப் பன்னிரண்டு வருடம் ஆகியிருக்கும். ஒரு சிறிய ஊர் ஸ்டேஷனில் நடைமேம்பாலம் வேண்டும் என்று மேலிருந்து உத்தரவு வந்தது. தண்டவாளத்துக்கு அந்தப் புறம் பெரிய மார்க்கெட் வரப்போகிறது என்று உள்ளூர்ப் பெரிய மனிதர் ஒருவர் சொல்லியிருந்தார். நான் மூன்று நாள் காலை முதல் இரவு வரை ஸ்டேஷனில் நின்று ஆட்களை எண்ணினேன். அறுநூறைத் தாண்டவில்லை. என் மேலதிகாரி காகிதத்தைப் பார்த்துவிட்டு, "இன்றைக்கு எத்தனை என்று யார் கேட்டார்கள்? வருங்காலத்தை எழுது" என்றார். எழுதினேன். நாலாயிரம் என்று எழுதினேன். அந்த எண்ணை நான் எங்கிருந்தும் எடுக்கவில்லை. பாலத்தை நியாயப்படுத்த எவ்வளவு வேண்டுமோ அதிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு எடுத்தேன். பாலம் வந்தது. மார்க்கெட் வரவில்லை. படி ஏறச் சோம்பல்பட்டு ஜனங்கள் பழையபடி தண்டவாளத்தைத் தாண்டியே போனார்கள். அதே வருடம் இன்னொரு ஸ்டேஷனில், கூட்டம் நிஜமாகவே இருந்த இடத்தில், நான் கேட்டிருந்த பிளாட்பாரக் கூரைக்குப் பணமில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். அந்தப் பாதையில் ரயிலில் போகும்போதெல்லாம் இன்றும் ஜன்னல் பக்கம் உட்காரமாட்டேன். பாலத்தின் நிழலில் ஆடுகள் படுத்திருக்கும் என்று மனைவி சொல்லுவாள்.

ஆகவே அந்த 30,000 வேலை என்ற எண்ணைப் பார்த்ததும், அது எப்படிப் பிறந்திருக்கும் என்று எனக்கு ஒரு ஊகம் இருந்தது. நிரூபணம் இல்லை, ஊகம்தான்.

மக்கள் எப்படி ஆராய்ந்தார்கள் என்பதுதான் இந்தக் கட்டுரையின் முக்கியமான பகுதி. வீட்டு வாசல்தோறும் புல்வெளியில் எதிர்ப்புப் பலகைகள் முளைத்தன. ஊர்க்காரர்கள் குழு சேர்ந்து, அரசிடமிருந்து ஆவணங்களைக் கேட்டு வாங்கினார்கள். நம் நாட்டில் 2005 முதல் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறதே, அதுபோன்ற சட்டம் அங்கேயும் உண்டு. சனிக்கிழமைகளில் நகரசபை பொதுமக்கள் கருத்தைக் கேட்கிறது. ஒரு முறை மகளோடு நானும் போய் உட்கார்ந்திருந்தேன். யார் வேண்டுமானாலும் பெயர் கொடுத்துவிட்டு மூன்று நிமிடம் பேசலாம். வாய்ச் சண்டை இல்லை. ஒரு வயதான அம்மாள் எழுந்து, கார் நிறுத்தக் கட்டணத்தை எத்தனை டாலர் என்று வைத்து வருமானம் கணக்கிட்டீர்கள் என்று கேட்டுவிட்டு, தன் மூன்று நிமிடத்தில் இரண்டை மிச்சம் வைத்து உட்கார்ந்துகொண்டார். அன்று நான் கேட்டதிலேயே சிறந்த பேச்சு அதுதான். ஆதரித்துப் பேசினவர்களும் இருந்தார்கள், அவர்களையும் குறைத்துச் சொல்லக்கூடாது. அலுவலகக் கட்டடங்களிலிருந்து வரும் வரி குறைந்துகொண்டே போகிறது, வீட்டு வரியையே எத்தனை நாள் ஏற்றுவது என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. மாப்பிள்ளைக்கு வந்திருந்த வரி நோட்டீஸைப் பார்த்த எனக்கு அதில் உண்மை இருப்பது தெரிந்தது.

கடைசியில் திட்டத்தை நிறுத்தியவர் ஒரு பெண்மணி. லூயிஸ் லூக்காஸ் என்பது அவர் பெயர். அப்போது மாநிலச் செனட்டில் நிதிக்குழுத் தலைவர், எண்பது வயது. 1967இல் நார்ஃபோக் கடற்படைக் கப்பல் கட்டும் தளத்தில் கப்பலுக்கு இரும்புத் தகடு பொருத்தும் வேலையில் சேர்ந்த முதல் பெண் அவர் என்று படித்தபோது எனக்கு மரியாதை இரண்டு மடங்காயிற்று. பட்டறையில் நின்றவர்களுக்கு டிராயிங்கும் தெரியும், டிராயிங்கில் இல்லாததும் தெரியும். மாநிலத்தின் நாணயத்தை ஒரு கோடீஸ்வரரின் அரங்கத்துக்கு ஈடாக வைக்கமாட்டேன் என்று அவர் வெளிப்படையாகச் சொன்னார். மசோதாவைத் தம் குழுவின் விசாரணைப் பட்டியலிலேயே சேர்க்கவில்லை. கவர்னர் ஒரு கட்சி, இவர் எதிர்க்கட்சி. கொடுக்கல் வாங்கலில் வேறு மசோதாக்களும் கலந்திருந்தன. தர்மமும் அரசியலும் எந்த விகிதத்தில் கலந்திருந்தன என்று எனக்குச் சொல்லத் தெரியாது. 2024 மார்ச்சில் கூட்டத்தொடர் முடிந்தபோது பட்ஜெட்டில் அரங்கம் இல்லை. மார்ச் 27ஆம் தேதி, பேச்சுவார்த்தை முடிந்துவிட்டது என்று அலெக்சாண்ட்ரியா நகரம் அறிவித்தது. மகள் பாயசம் செய்தாள். மாப்பிள்ளை சாப்பிட்டார், ஆனால் பேசவில்லை.

கதை இதோடு முடிந்திருந்தால் இந்தக் கட்டுரையை எழுதியிருக்கமாட்டேன். அன்று மாலையே ஆற்றுக்கு அந்தப் பக்கம் வாஷிங்டன் மேயர் முரியல் பவுசரும் அதே லியோன்சிஸும் பழைய அரங்கத்திலேயே உட்கார்ந்து கையெழுத்துப் போட்டார்கள். பழைய அரங்கத்தைப் புதுப்பிக்க மொத்தம் 80 கோடி டாலர். அதில் நகரத்தின் பணம் 51.5 கோடி, அன்றைய மதிப்பில் சுமார் 4,270 கோடி ரூபாய். அணிகள் 2050 வரை அங்கேயே இருக்கும். ஆறே நாளில், ஏப்ரல் 2ஆம் தேதி, நகரசபை ஒருவர்கூட எதிர்க்காமல் அதை ஏற்றுக்கொண்டது.

வர்ஜீனியாக்காரர்கள் மூன்றரை மாதம் துருவித் துருவிக் கேட்டார்கள். வாஷிங்டன்காரர்களுக்குக் கிடைத்தது ஆறு நாள். (50 கோடி தருகிறோம் என்று மேயரும் சபையும் டிசம்பரிலேயே சொல்லியிருந்தார்கள் என்பதையும் குறிப்பிடவேண்டும்.)

அந்த அரங்கத்தின் பூர்வ கதை இதைவிடச் சுவாரசியம். 1997 டிசம்பர் 2ஆம் தேதி திறந்தது. அன்றைய முதலாளி ஏப் போலின், கட்டடத்தை ஏறத்தாழ 20 கோடி டாலரில் தனியார் பணத்திலேயே கட்டினார். வாஷிங்டன் நகரம் அப்போது திவாலாகும் நிலை. நிலமும் அடித்தள ஏற்பாடுகளும்தான் நகரத்தின் பங்கு. பாழடைந்து கிடந்த அந்தப் பகுதி அதற்குப் பிறகு விழித்துக்கொண்டது என்று பழைய ஆட்கள் சொல்கிறார்கள். 2007இல் புதுப்பிக்க நகரம் 5 கோடி கொடுத்தது. டிக்கெட்டுக்கும் அங்கே விற்கும் சாமான்களுக்கும் வரியைக் கூட்டி அதை ஈடுகட்டினார்கள், அதாவது ஆட்டம் பார்க்கிறவர்களே கட்டினார்கள். 2024இல் 51.5 கோடி. கட்டிய காலத்தில் கட்டடத்துக்குத் தேவைப்படாத அரசுப் பணம், பழுது பார்க்கத் தேவைப்பட்டது ஏன்? கட்டடம் மாறவில்லை. ஆற்றுக்கு அந்தப் பக்கம் இன்னொரு கை நீட்டப்பட்டிருந்தது, அதுதான் வித்தியாசம். பெண்ணுக்கு இரண்டு இடத்தில் பேசினால் சீர் தானாக ஏறும்.

வாஷிங்டனுக்கு என்ன சமாதானம் என்றால், கொரோனாவுக்குப் பிறகு அலுவலகங்கள் காலியாகி நகர மையமே இருண்டு கிடந்தது. இரண்டு அணிகளுக்கும் சேர்த்துப் பருவத்துக்கு 82 ஆட்டங்கள்; அந்த 82 இரவுகளும் போனால் சுற்றியுள்ள ஓட்டல்கள் மூடிக்கொள்ளும். நிலம் நகரத்தினுடையது. இது மூலதனச் செலவு, அன்றாடச் செலவு அல்ல என்றும் சொன்னார்கள். நம் ரயில்வேயிலும் இந்த வாதம் உண்டு; கேபிடல் வேறு, ரெவின்யூ வேறு. ஆனால் கேபிடலுக்கு வாங்கிய கடனின் வட்டி ரெவின்யூவிலிருந்துதானே போகும்? அதே ஏப்ரல் மாதம் மேயர் வைத்த பட்ஜெட்டில், பால்வாடி ஆசிரியைகளுக்குச் சம்பளம் கூட்டிக்கொடுக்க இருந்த 7 கோடி டாலர் நிதியை அடியோடு நீக்கியிருந்தார். ஊர் கூச்சல் போட்டபின் நகரசபை அதைத் திரும்ப வைத்தது. இரண்டும் வேறு வேறு பெட்டிதான். ஆனாலும் ஒரே வீட்டுப் பெட்டிகள். 2024 டிசம்பரில் ஏற்பாட்டை மேலும் மாற்றி, அரங்கத்தை 8.75 கோடி டாலருக்கு நகரமே வாங்கி முதலாளிக்குக் குத்தகைக்கு விடுவது என்று தீர்மானித்தார்கள். போட்ட பணத்துக்கு ஒரு சொத்தாவது கையில் நிற்கும் என்ற அளவில் அது நல்ல திருத்தம் என்பது என் அபிப்பிராயம்.

நான் அந்தச் சபையில் உட்கார்ந்திருந்தால் கை தூக்கியிருப்பேனா? யோசித்துப் பார்த்தேன். தூக்கியிருப்பேன் என்றுதான் தோன்றுகிறது. ஸ்டேஷனுக்கு மேலே இருக்கும் அரங்கத்தை விட்டுவிட்டு ஸ்டேஷன் போதாத இடத்தில் புதிது கட்டுவது எந்த இன்ஜினீயருக்கும் ஒப்பாது. ஆனால் ஆறு நாளில் தூக்கியிருக்கமாட்டேன்.

வேறு ஊர்களில் ஜனங்களிடமே ஓட்டுக்கு விடுகிறார்கள். அரிசோனாவில் டெம்பி என்ற ஊர் 2023 மே மாதம் ஹாக்கி அரங்கத் திட்டத்தை ஓட்டுப்போட்டு மறுத்தது. அடுத்த வருடம் அந்த அணி மாநிலத்தைவிட்டே போய்விட்டது. போய்விடுவோம் என்ற மிரட்டல் எப்போதும் பொய் அல்ல என்பதையும் தெரிந்துகொள்ளவேண்டும். ஒக்லஹோமா சிட்டி, அலெக்சாண்ட்ரியா அறிவிப்புக்கு முந்தின நாள்தான், 90 கோடி டாலருக்குக் குறையாத அரங்கத்துக்காக ஆறு வருடம் ஒரு சதவீத விற்பனை வரிக்கு 71 சதவீத ஓட்டுப் போட்டது. முதலாளிகள் பங்கு வெறும் 5 கோடி. தெரிந்தே கொடுத்தார்கள், அது அவர்கள் ஊர், அவர்கள் பணம். வாஷிங்டன் சபை கை தூக்கிய அதே ஏப்ரல் 2ஆம் தேதி, மிசௌரியில் ஜாக்சன் கவுண்டி மக்கள் இரண்டு அணிகளின் மைதானங்களுக்கான நாற்பது வருட வரியை நிராகரித்தார்கள்.

சியாட்டில் மட்டும் தனி ரகம். 2006இல் அங்கே ஒரு சட்டத்தை ஓட்டில் நிறைவேற்றினார்கள்: நகரத்து அரங்கத்தை வாடகைக்கு எடுக்கும் அணி, நகரம் போட்ட பணத்துக்கு அரசுக் கடன் பத்திர வட்டி அளவாவது லாபம் தரவேண்டும். 2008இல் அவர்களுடைய கூடைப்பந்து அணி ஒக்லஹோமாவுக்கே போய்விட்டது. பதிமூன்று வருடம் கழித்து, 2021இல், அதே பழைய அரங்கம் ஏறக்குறைய 115 கோடி டாலர் தனியார் பணத்தில் புதிதாகத் திறந்தது. 1962ஆம் ஆண்டுக் கண்காட்சிக்குப் போட்ட கூரை பாரம்பரியச் சின்னம் என்பதால் அதை இடிக்கவில்லை. ஏறத்தாழ 20,000 டன் எடையுள்ள கூரையைத் தற்காலிகத் தூண்களில் தாங்கி நிறுத்திவிட்டு, அடியில் மண்ணைத் தோண்டி முழு அரங்கத்தையும் கட்டினார்கள்! ஓடும் பாதையில் கர்டரை மாற்றிய அனுபவம் உள்ளவர்களுக்கு அதன் அருமை புரியும். அந்தப் படங்களை மாப்பிள்ளையின் கம்ப்யூட்டரில் ஒரு முழு மாலை பார்த்துக்கொண்டிருந்தேன். காபி ஆறிப்போனது.

ஊருக்குத் திரும்பும் முன், ஏப்ரல் நடுவில், மாப்பிள்ளை எங்களை ஹாக்கி ஆட்டத்துக்கு அழைத்துப் போனார். அதே பழைய அரங்கம், நகரத்தின் 51.5 கோடி இன்னும் எந்த இருக்கையிலும் தெரியவில்லை. ஆட்டம் எனக்குப் புரியவில்லை, பந்து எங்கே என்றே கண்ணுக்குத் தெரியவில்லை. பந்து இல்லை தாத்தா, தட்டு என்று பேத்தி திருத்தினாள். முடிந்ததும் எல்லோரும் எழுந்தார்கள். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டேன். படியிறங்கி, தெருவுக்கு வந்து, நகரும் படிக்கட்டில் இறங்கி, மஞ்சள் வழித்தட வண்டியில் நாலு பேருக்கும் உட்கார இடம் கிடைத்தபோது பதினெட்டு நிமிடம் ஆகியிருந்தது. மாப்பிள்ளையிடம் கடிகாரத்தைக் காட்டினேன். அவர் சிரித்துக்கொண்டே பேத்தியைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். ஏழாவது ஸ்டேஷனை வண்டி தாண்டும்போது அவள் தூங்கியிருந்தாள். பிளாட்பாரத்தில் இரண்டே பேர் நின்றுகொண்டிருந்தார்கள்.